வீதியில் வளரும் வானவில்; அவையில் தொடரும் மௌனம்

புது தில்லி: பாரகம்பா சாலையில் திரண்டு, டால்ஸ்டாய் மார்க் வழியாக நடந்து, ஜந்தர் மந்தரில் கூட்டம் நடத்திக் கலைவது தலைநகரின் வானவில் பேரணிக்கு வழக்கமாகிவிட்ட பாதை. தன்பாலின ஈர்ப்பாளர், இருபாலின ஈர்ப்பாளர், திருநங்கையர், திருநம்பியர் எனப் பால்புதுமையினர் அனைவரும் பங்கேற்கும் இப்பேரணி இங்கு முதன்முதலாக நடந்தது 2008 ஜூன் 29 அன்று. அதே நாளில் பெங்களூரிலும் கொல்கத்தாவிலும் பேரணிகள் நடந்தன. தில்லியில் அன்று நடந்த சில நூறு பேரில் பலர் முகமூடி அணிந்திருந்தனர். பின்னர் வந்த ஆண்டுகளில் எண்ணிக்கை ஆயிரங்களைத் தொட்டது, முகமூடிகள் குறைந்தன, பிள்ளைகளுடன் பெற்றோர் நடந்து வந்த காட்சியும் புதிதல்ல என்றாயிற்று.

பேரணி முடிவுறும் இடத்திலிருந்து நாடாளுமன்றம் நடந்து செல்லும் தொலைவுதான். ஆயினும் இந்த இயக்கம் இதுவரை பெற்ற வெற்றிகள் பெரும்பாலும் நீதிமன்றத்தின் வழியே வந்தவை. இப்போது நீதிமன்றம் அந்தக் கதவைப் பாதி மூடி, நாடாளுமன்றத்தைக் கைகாட்டியிருக்கிறது. பேரணியின் வளர்ச்சியை அதில் நடப்போரின் எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் அளந்தால் இந்த முட்டுச்சந்து கண்ணில் படாமல் போய்விடும்.

முகமூடிக்கு முந்தைய காலம்: பேரணிகளின் வரலாறு 2008-இல் தொடங்கவில்லை. 1992 ஆகஸ்டில் தில்லி காவல்துறைத் தலைமையகத்தின் முன்பு, எய்ட்ஸ் பேத்பாவ் விரோதி ஆந்தோலன் என்ற சிறு அமைப்பு ஓர் ஆர்ப்பாட்டம் நடத்தியது. பூங்காக்களிலிருந்து ஆண்களைப் பிடித்துச் செல்லும் போலீஸாரின் நடவடிக்கையைக் கண்டித்து நடந்தது அது. இதே அமைப்புதான் 1994-இல், திகார் சிறையில் ஆணுறை வழங்க மறுக்கப்பட்டதைத் தொடர்ந்து, இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-ஆவது பிரிவை எதிர்த்து தில்லி உயர் நீதிமன்றத்தை முதன்முதலில் நாடியது. அந்த வழக்கு கவனிப்பாரின்றிப் போயிற்று. 1998 இறுதியில் தீபா மேத்தாவின் 'ஃபயர்' திரைப்படத்தை எதிர்த்து மும்பையிலும் தில்லி ரீகல் திரையரங்கிலும் வன்முறை நிகழ்ந்தபோது, அதைக் கண்டித்து மெழுகுவர்த்தி ஏந்தி நின்றவர்களிடையே, தங்கள் அடையாளத்தை அட்டையில் எழுதிப் பிடித்த பெண்களும் இருந்தனர்.

அதற்கடுத்த ஆண்டு, 1999 ஜூலை 2 அன்று, கொல்கத்தாவில் 15 பேர் மஞ்சள் நிறச் சட்டை அணிந்து நடந்தனர். 'நட்பு நடை' என்று பெயரிடப்பட்டிருந்த அதுவே தெற்காசியாவின் முதல் வானவில் பேரணி என்று கருதப்படுகிறது. அன்று 377-ஆவது பிரிவின்படி வயது வந்த இருவர் மனமொத்துக் கொள்ளும் உறவுக்கும் ஆயுள் தண்டனை வரை விதிக்க இடமிருந்தது. குற்றவாளி என்று சட்டம் முத்திரை குத்திய நிலையில் பகலில் வீதிக்கு வருவதற்குப் பதினைந்து பேர் கிடைத்ததே பெரிது.

1860-ஆம் ஆண்டு தண்டனைச் சட்டம் பிரிட்டிஷாரின் ஆக்கம். அந்தப் பிரிவை நீக்கிவிடலாம் என்று சட்ட ஆணையம் தனது 172-ஆவது அறிக்கையில் 2000-ஆம் ஆண்டிலேயே பரிந்துரைத்தது. அறிக்கை அலமாரிக்குப் போயிற்று. அடுத்துவந்த எந்த அரசும் அதைத் தூசு தட்டி எடுத்து அவைக்குக் கொண்டுவரவில்லை.

முரண்பட்ட இரு அமைச்சகங்கள்: நாஸ் அறக்கட்டளை 2001-இல் தொடுத்த பொதுநல வழக்கில் மத்திய அரசு நடந்துகொண்ட விதம் இன்றளவும் நினைவுகூரத்தக்கது. உள்துறை அமைச்சகம் 377-ஆவது பிரிவு தொடர வேண்டும் என்று பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது. சுகாதார அமைச்சகத்தின் கீழ் இயங்கும் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்போ, இப்பிரிவு நோய்த் தடுப்புப் பணிக்கு இடையூறாக இருக்கிறது என்றது. அன்றைய சுகாதார அமைச்சர் அன்புமணி ராமதாஸ், 2008 ஆகஸ்டில் மெக்ஸிகோ நகரில் நடைபெற்ற சர்வதேச எய்ட்ஸ் மாநாட்டில், அப்பிரிவு போக வேண்டும் என்று வெளிப்படையாகப் பேசினார். உள்துறையைக் கவனித்த சிவராஜ் பாட்டீல் இதற்கு இசையவில்லை. ஒரே அமைச்சரவையில் இரண்டு கருத்துகள் நிலவியதை உயர் நீதிமன்றமே தன் தீர்ப்பில் வியப்புடன் குறிப்பிட்டது.

தில்லியின் இரண்டாவது பேரணி 2009 ஜூன் 28 அன்று நடந்தது. சென்னையில் முதல் வானவில் பேரணி நடந்ததும் அன்றுதான். ஆங்கிலத்தில் 'பிரைடு' எனப்படுவதைச் சென்னையில் 'சுயமரியாதை' என்று தமிழாக்கிக்கொண்டனர். அச்சொல்லுக்குத் தமிழ்நாட்டு அரசியலில் உள்ள பொருளை விளக்க வேண்டியதில்லை; தலைநகரில் நடப்போருக்கு அப்படியொரு சொல் வாய்க்கவில்லை. நான்கு நாள்கள் கழித்து, ஜூலை 2 அன்று, தலைமை நீதிபதி ஏ.பி. ஷா, நீதிபதி எஸ். முரளிதர் ஆகியோர் அடங்கிய அமர்வு, வயது வந்தோர் மனமொத்துத் தனிமையில் கொள்ளும் உறவு குற்றமாகாது என்று தீர்ப்பளித்தது. 1946 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் ஜவாஹர்லால் நேரு முன்மொழிந்த குறிக்கோள் தீர்மானத்தை நீதிபதிகள் அதில் எடுத்துக்காட்டியிருந்தனர்.

பின்னடைவும் பரவலும்: இந்தத் தீர்ப்பை எதிர்த்துத் தனிநபர்களும் சமய அமைப்புகளும் உச்ச நீதிமன்றம் சென்றனர். 2013 டிசம்பர் 11 அன்று நீதிபதிகள் ஜி.எஸ். சிங்வி, எஸ்.ஜே. முகோபாத்யாய ஆகியோர் உயர் நீதிமன்றத் தீர்ப்பை ரத்து செய்தனர். மக்கள்தொகையில் மிகச் சிறிய பகுதியினரே இவர்கள் என்றும், 150 ஆண்டுகளுக்கும் மேலான காலத்தில் இப்பிரிவில் வழக்குகளைச் சந்தித்தோர் 200-க்கும் குறைவு என்றும் கூறி, சட்டத்தை மாற்றுவதா என்பதை நாடாளுமன்றம் முடிவு செய்யலாம் என்று விட்டுவிட்டனர். தீர்ப்பு ஏமாற்றமளிப்பதாகக் காங்கிரஸ் தலைவர் சோனியா காந்தி அறிக்கை விட்டார். இயற்கைக்கு மாறான செயலை ஆதரிக்க முடியாது என்று அன்றைய பாஜக தலைவர் ராஜ்நாத் சிங் கூறினார். அப்போது ஆட்சியில் இருந்தது காங்கிரஸ்தான். சட்டத் திருத்தம் கொண்டுவர அக்கட்சிக்கு ஆட்சியில் சில மாதங்கள் மீதமிருந்தும் மறுசீராய்வு மனுவோடு அது நிறுத்திக்கொண்டது.

குற்றவாளிகள் என்ற முத்திரை மீண்டும் விழுந்ததும் பேரணிகள் வற்றிப்போகும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தனர். தீர்ப்பு வந்து இரண்டே மாதங்களில், 2014 பிப்ரவரியில், குவாஹாட்டியில் முதல் பேரணி நடந்தது. ஏற்கெனவே 2012-இல் மதுரையும் 2013-இல் சண்டீகர், ஹைதராபாத், சூரத் நகரங்களும் இப்பட்டியலில் சேர்ந்திருந்தன. நாகபுரி 2016-இலும், லக்னௌ, டேராடூன் ஆகியவை 2017-இலும் இணைந்தன. லக்னௌவில் 2001-இல் எய்ட்ஸ் தடுப்புப் பணியாளர்களையே 377-ஆவது பிரிவின் கீழ் சிறையில் அடைத்தனர் என்பதை அறிந்தவர்களுக்கு, அந்நகரில் ஒரு வானவில் கொடி நகர்ந்ததன் பொருள் புரியும். இவை அனைத்தும் 377-ஆவது பிரிவு நடப்பில் இருந்தபோதே நிகழ்ந்தவை. சட்டம் மாறியதால் வீதிக்கு வந்தார்கள் என்று சொல்வதற்கில்லை. வரிசை தலைகீழாக இருக்கிறது.

ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல்: நாடாளுமன்றம் முடிவு செய்யட்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னதை ஏற்று அவையின் கதவைத் தட்டியவர் திருவனந்தபுரம் உறுப்பினர் சசி தரூர். 377-ஆவது பிரிவைத் திருத்தும் தனிநபர் மசோதாவை 2015 டிசம்பர் 18 அன்று மக்களவையில் அறிமுகம் செய்ய அவர் அனுமதி கோரினார். தனிநபர் மசோதாக்களுக்கு ஒதுக்கப்படும் வெள்ளிக்கிழமை பிற்பகல் அது. அறிமுக நிலையில் எந்த மசோதாவையும் எதிர்ப்பதில்லை என்பது அவையின் பொதுவான மரபு. விவாதம் வரும்போது எதிர்க்கலாம், தோற்கடிக்கலாம்; பேசவே கூடாது என்பதில்லை. அன்று அந்த மரபு நிற்கவில்லை. வாக்கெடுப்பு கோரப்பட்டது. ஆதரவு 24, எதிர்ப்பு 71. ஒருவர் நடுநிலை வகித்தார். 543 தொகுதிகளைக் கொண்ட அவையில் வாக்குப் பதிவில் பங்கேற்றோர் நூறு பேர்கூட இல்லை. காங்கிரஸ் உறுப்பினர்கள் முழுமையாக வந்திருந்தாலும் மசோதா தோற்றிருக்கும் என்றாலும், அவர்களும் முழுமையாக வரவில்லை என்பதே இதில் கவனிக்க வேண்டியது.

இதற்கு மூன்று வாரங்களுக்கு முன்புதான், நிதியமைச்சராக இருந்த அருண் ஜேட்லியும் முன்னாள் நிதியமைச்சர் ப. சிதம்பரமும் ஓர் இலக்கிய விழா மேடையில், 2013 தீர்ப்பை உச்ச நீதிமன்றம் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று ஏறத்தாழ ஒரே குரலில் பேசியிருந்தனர். இரு பெரிய கட்சிகளின் மூத்த தலைவர்கள் ஒத்துப்போன விஷயத்தை அவர்களது கட்சிகள் அவையில் கைவிட்டன. மேடையிலும்கூட இருவரும் எதிர்பார்த்தது நீதிமன்றம் மாற்ற வேண்டும் என்பதைத்தான். 2016 மார்ச்சில் தரூர் மீண்டும் முயன்றார். ஆதரவு 14 ஆகக் குறைந்தது, எதிர்ப்பு 58.

மாநிலங்களவையின் கதை சற்று மாறுபட்டது. திருநர்களை மூன்றாம் பாலினமாக ஏற்று, தம் பாலின அடையாளத்தைத் தாமே தீர்மானிக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு என்று 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. அதன் தொடர்ச்சியாக திமுக உறுப்பினர் திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமைகள் மசோதா, 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவையில் ஒருமனதாக நிறைவேறியது. மசோதாவைத் திரும்பப் பெறுமாறு அமைச்சர் தாவர்சந்த் கெலோட் கேட்டுக்கொண்டபோது சிவா இணங்கவில்லை. அவ்வவை ஒரு தனிநபர் மசோதாவை நிறைவேற்றியது 45 ஆண்டுகளுக்குப் பிறகு அப்போதுதான். ஆனால் மக்களவையில் அது கரையேறவில்லை. அரசு 2016-இல் தனது சொந்த மசோதாவைக் கொண்டுவந்தது. மாவட்டக் குழு முன் சான்று பெற வேண்டும் என்றும், பிச்சை எடுக்கத் தூண்டுவது குற்றம் என்றும் அதில் இருந்த விதிகளைத் திருநர் அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன. இவ்விரு விதிகளும் பின்னர் நீக்கப்பட்டன. எனினும் மாவட்ட ஆட்சியரிடம் சான்று பெறும் முறை நீடித்தது. திருநரைப் பாலியல் கொடுமைக்கு உள்ளாக்குவோருக்கு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரைதான் சிறை என்றிருந்தது. பெண்ணுக்கு இழைக்கப்படும் வன்புணர்வுக்கு அப்போது குறைந்தபட்சத் தண்டனையே பத்து ஆண்டுகள்.

2019-இல் இந்த மசோதா மக்களவையில் நிறைவேறிய நாள் ஆகஸ்ட் 5. அன்று நாடே மாநிலங்களவையில் காஷ்மீர் குறித்து நடந்த விவாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. நவம்பர் 24, ஞாயிற்றுக்கிழமை, தில்லிப் பேரணியில் ஓங்கி ஒலித்த முழக்கம் இம்மசோதாவுக்கு எதிரானது. செவ்வாய்க்கிழமை, நவம்பர் 26, மாநிலங்களவை அதை நிறைவேற்றியது. தேர்வுக் குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்று திருச்சி சிவா கொண்டுவந்த தீர்மானம் தோற்றது. நீதிமன்றம் கொடுத்ததை அவை சுருக்கிவிட்டது என்ற குற்றச்சாட்டை அரசு ஏற்கவில்லை.

தீர்ப்புக்குப் பின்: இதற்கிடையே 2018 செப்டம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் அடங்கிய அரசியல் சாசன அமர்வு, 2013 தீர்ப்பைத் தள்ளி, மனமொத்த உறவை 377-ஆவது பிரிவிலிருந்து விலக்கியது. மத்திய அரசு ஆதரிக்கவும் இல்லை, எதிர்க்கவும் இல்லை. நீதிமன்றத்தின் விவேகத்துக்கு விட்டுவிடுவதாக ஜூலையில் பிரமாணப் பத்திரம் அளித்தது. தன் வாக்கு வங்கியைத் தொந்தரவு செய்யாமல் ஒரு சட்டத்தை மாறவிடுவதற்கு இதைவிட வசதியான வழி ஓர் ஆளும் கட்சிக்குக் கிடையாது.

தீர்ப்புக்குப் பின் பேரணியின் தன்மையும் மாறியது. 377 என்ற ஒற்றை எதிரி இருந்தவரை உள்முரண்கள் அடங்கியிருந்தன. அந்த எதிரி போனதும், யாருடைய பேரணி இது என்ற கேள்வி மேலெழுந்தது. தில்லியில் பெருநிறுவனங்களிடமோ கட்சிகளிடமோ பணம் பெறுவதில்லை, தனிநபர் நன்கொடை மட்டுமே என்பது அமைப்பாளர்களின் கொள்கை. வேறு சில நகரங்களில் நிறுவனங்களின் பெயர் தாங்கிய பதாகைகள் இயல்பாகிவிட்டன. 2015 தில்லிப் பேரணியிலேயே தலித் பால்புதுமையினர் தங்கள் அடையாளத்தை உரக்க அறிவித்து, இயக்கத்துக்குள் நிலவும் சாதியைப் பற்றிப் பேசினர். ஆங்கிலம் பேசும் நகர்ப்புற இளைஞருக்கு 2018 தீர்ப்பு தந்த நிம்மதியும், சாலைச் சந்திப்பில் கைநீட்டிப் பிழைக்கும் திருநங்கைக்கு 2019 சட்டம் தந்த கவலையும் ஒரே வானவில் கொடியின் கீழ் நடந்தன.

அரசியல் வேண்டுமா வேண்டாமா என்ற சர்ச்சை 2020 பிப்ரவரியில் மும்பையில் வெடித்தது. குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிரான போராட்டங்கள் நாடெங்கும் நடந்த நேரம் அது. வழக்கமான பேரணிக்குப் போலீஸ் அனுமதி மறுத்ததால் ஆசாத் மைதானத்தில் கூட்டம் மட்டும் நடந்தது. அங்கு எழுப்பப்பட்ட முழக்கங்களுக்காக ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மீது தேசத் துரோக வழக்கு பதிவானது. அமைப்பாளர்கள் அம்முழக்கங்களிலிருந்து விலகிக்கொண்டனர். பேரணி கொண்டாட்டமாக இருக்கும்வரை சகித்துக்கொள்ளப்படும் என்பதும், அதன் எல்லை எது என்பதும் அன்று தெளிவாயின.

மேலைநாட்டு இறக்குமதி என்பது இப்பேரணிகள் மீது வைக்கப்படும் பழைய குற்றச்சாட்டு. அதில் ஓரளவு உண்மையும் உண்டு. 1969-இல் நியூயார்க் நகரின் ஸ்டோன்வால் விடுதியில் போலீஸாருடன் நிகழ்ந்த மோதலின் நினைவாக அடுத்த ஆண்டு தொடங்கியவையே இத்தகைய பேரணிகள். வானவில் கொடி 1978-இல் சான் பிரான்சிஸ்கோவில் உருவானது. ஆனால் 377-ஆவது பிரிவு இறக்குமதியானதை மறந்துவிட்டு கொடியை மட்டும் குறை கூறுவது பொருந்தாது. தவிர, தில்லியில் இப்பேரணி ஜூன் மாதத்தைக் கைவிட்டு நவம்பருக்கு மாறிப் பல ஆண்டுகளாகின்றன. தலைநகரின் ஜூன் வெயிலில் நடந்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. இதனால் பேரணி பெரும்பாலும் குளிர்காலக் கூட்டத்தொடரையொட்டி அமைந்துவிடுவது தற்செயல் என்றாலும் பொருத்தமானது.

சமூகம் இன்னும் ஏற்கவில்லை என்ற வாதமும் முன்போல் வலுவாக இல்லை. தன்பாலின ஈர்ப்பைச் சமூகம் ஏற்க வேண்டும் என்று கருதிய இந்தியர்கள் 2014-இல் 15 சதவீதம். 2019-இல் 37 சதவீதம் என்கின்றன அமெரிக்காவின் பியூ ஆய்வு மையக் கணிப்புகள். அப்போதும் பெரும்பான்மை இல்லை. ஆனால் ஐந்தாண்டில் இத்தகைய மாற்றம் வேறு எந்தச் சமூகப் பிரச்னையிலும் எளிதில் காணக்கூடியதல்ல.

மீண்டும் அவையின் வாசலில்: இந்த நிலையில்தான் திருமண உரிமை வழக்கு வந்தது. 2023 ஏப்ரல், மே மாதங்களில் பத்து நாள்கள் வாதங்கள் நடந்தன. இது நகர்ப்புற மேட்டுக்குடியினரின் பார்வை என்றும், நாடாளுமன்றமே முடிவு செய்ய வேண்டும் என்றும் மத்திய அரசு வாதிட்டது. அக்டோபர் 17 அன்று வெளியான தீர்ப்பில், திருமணம் அடிப்படை உரிமை அல்ல, சிறப்புத் திருமணச் சட்டத்தை நீதிமன்றம் திருத்தி எழுத முடியாது என்பதில் ஐந்து நீதிபதிகளும் ஒன்றுபட்டனர். திருமணம் என்று அழைக்காமல் இணைந்து வாழும் உரிமையையாவது சட்டப்படி ஏற்க வேண்டும் என்பதில் தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூடும் நீதிபதி சஞ்சய் கிஷன் கௌலும் சிறுபான்மையாயினர். மறுசீராய்வு மனுக்கள் 2025 ஜனவரியில் தள்ளுபடியாயின.

ஆக, இனி நாடாளுமன்றம்தான். அங்கே என்ன இருக்கிறது? சிறப்புத் திருமணச் சட்டத்தைத் திருத்த 2022 ஏப்ரலில் தேசியவாத காங்கிரஸின் சுப்ரியா சுலே கொண்டுவந்த தனிநபர் மசோதா விவாதத்துக்கு வரவில்லை. சுதந்திர இந்தியாவில் சட்டமான தனிநபர் மசோதாக்கள் மொத்தம் 14. கடைசியாக ஒன்று சட்டமானது 1970-இல். அந்த வழியை நம்பியிருப்பதில் பயனில்லை. 2024 தேர்தல் அறிக்கையில், விரிவான கலந்தாலோசனைக்குப் பின் பால்புதுமையினரின் இணைவாழ்வை ஏற்கும் சட்டம் கொண்டுவரப்படும் என்று காங்கிரஸ் வாக்களித்தது. பாஜக திருநர்களை ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டில் சேர்ப்பதாகக் கூறியது. பிரசார மேடைகளில் இரு தரப்பும் இதைப் பேசவில்லை.

பேசாமல் இருப்பதன் விலை ஏற்கெனவே தெரியத் தொடங்கிவிட்டது. 2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 377-க்கு இணையான பிரிவு இடம்பெறவில்லை. மனமொத்த உறவை 2018 தீர்ப்பு விலக்கிய பிறகும், ஆணோ திருநரோ பலவந்தப்படுத்தப்பட்டால் புகார் அளிக்க எஞ்சியிருந்தது அந்தப் பிரிவுதான். அதைத் தக்கவைக்குமாறு உள்துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு 2023 நவம்பரிலேயே பரிந்துரைத்திருந்தது. அரசு அதை ஏற்கவில்லை. இந்த இடைவெளியை நிரப்பக் கோரிய மனுவை 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது. குற்றம் எது என்று வகுப்பது நாடாளுமன்றத்தின் வேலை என்பது அதன் நிலை. ஒரு பிரிவை ஒழிப்பதற்காக இருபதாண்டுகள் வீதியில் நின்றவர்கள், அது மொத்தமாக மறைந்தபோது காப்பின்றி நிற்கின்றனர்.

திருமண வழக்கில் அளித்த உறுதிமொழியின்படி மத்திய அரசு 2024 ஏப்ரலில் அமைச்சரவைச் செயலர் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. அதன் பயனாக அவ்வாண்டு செப்டம்பருக்குள் சில சுற்றறிக்கைகள் வந்தன. சேர்ந்து வாழும் இணையரை ரேஷன் அட்டைக்கு ஒரே குடும்பமாகக் கருதலாம்; வங்கியில் கூட்டுக் கணக்கு தொடங்கலாம், ஒருவர் மற்றவரை நியமனதாரராகக் குறிப்பிடலாம்; நெருங்கிய உறவினர் இல்லாதபோது இறந்தவரின் உடலை இணையர் பெற்றுக்கொள்ளலாம். ஒருவர் மறைந்த பிறகு அவர் பெயரிலுள்ள வீடு, ஓய்வூதியம், இருவரும் சேர்ந்து வளர்த்த குழந்தை ஆகியவை பற்றி இவற்றில் எதுவும் இல்லை. துறைச் செயலர்களின் கையொப்பத்தில் வந்த இந்தச் சலுகைகளைத் திரும்பப் பெற இன்னொரு சுற்றறிக்கை போதும். அதற்கு எந்த அவையிலும் வாக்கெடுப்பு தேவையில்லை.